ஒண்ணும் ஆவாது, ஆனா?

காலை பத்து நாற்பத்திரண்டுக்கு அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஹைட்ரஜனில் ஓடிவந்த சோதனை ரயில் அப்போது விக்கிரவாண்டியைத் தாண்டி, பேரணி ஸ்டேஷன் வருவதற்கு முன்னால், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை வயல்களுக்கு நடுவே இருந்தது. உள்ளே பதினேழு பேர். அவர்களில் ஒருத்தி என் மகள் கீர்த்தனா. நான் திண்டிவனம் பிளாட்பாரத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வந்து இறங்குவதைப் படம் எடுக்க நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றைய ஓட்டத்தைப் பொறுத்துத்தான் அந்த ரயிலில் பயணிகளை ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கையெழுத்துப் போட வேண்டிய பெரிய அதிகாரி சென்னையிலிருந்து வந்து, எனக்கு இருபது அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், வண்டியை நிறுத்தச் சொன்னவர் அதை எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர் அவர். ஒன்றரை வருடம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து டீ டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறேன்.

எங்கள் வீடு விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். மாடியைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்பார்கள். அவர் மாடியைப் பார்க்கவே இல்லை. நேராக என் சமையலறைக்கு வந்து, மேடைக்கு அடியில் இருந்த கேஸ் சிலிண்டரைக் குனிந்து பார்த்தார். தரையோரம் ஒரு ஓட்டைகூட இல்லாமல் இப்படி அடைத்து வைத்திருக்கிறீர்களே என்றார்.

"பதினஞ்சு வருஷமா அங்கதான் இருக்குது. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"ஆனா?" என்றார்.

'ஆனால்' என்று தொடங்கி ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் மீதிக்காகக் காத்திருந்தேன். மீதி வரவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். அது 'ஆனால்' இல்லை, 'ஆகிவிட்டால்?' என்ற கேள்வி என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

மறுநாள் அவரே ஒரு கொத்தனாரை அழைத்து வந்து சுவரின் அடியில் ஓட்டை போட வைத்தார். "சமையல் கேஸு தரையில உக்காந்துக்கும் டீச்சர். என் ரயிலு கேஸு மேல ஓடிடும். இதுக்குக் கீழ வழி வெக்கணும், அதுக்கு மேல வழி வெக்கணும்" என்றார். அந்த ஓட்டை வழியாக மூன்றாம் நாள் ஒரு பெருச்சாளி உள்ளே வந்தது. அது ஆகும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. போய்ச் சொன்னபோது சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து 'பெருச்சாளி' என்று எழுதிக்கொண்டு, சாயங்காலம் ஒரு கம்பி வலையோடு வந்து நின்றார்.

குள்ளமான உருவம். என்னைவிட எட்டு வயது சின்னவர். பருத்திப் புடவை தவிர வேறு கட்டமாட்டார். வேலையிலிருந்து வந்ததும் எங்கள் இரும்புக் கேட்டை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பக்தி என்று நினைத்தேன். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இறக்குகிறாராம். ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களின் பழக்கம் அது. தீக்குச்சி தேவையில்லை, விரல் நுனியில் தெறிக்கும் ஒரு பொறி போதும். பின்னால் கீர்த்தனாவும் அப்படித் தொட ஆரம்பித்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து நானும் தொட்டேன். சாக்பீஸ் தூசியைத் தவிர என்னிடம் இறக்க ஒன்றும் இல்லை.

அவரோடு வெளியே போவது சங்கடம். திண்டிவனத்தில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தேன். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பந்தி நடக்கும் கூடத்தின் பின்கதவு பூட்டியிருந்தது; அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மண்டப மேனேஜரைத் தேடிப் பிடித்துச் சாவி கேட்டார். பின்னால் திறந்தால் நாய் வரும், அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் ஆவாது, நீ போயி சாப்புடும்மா."

"ஆனா?"

மேனேஜரும் என்னைப்போலவே மீதிக்காகக் காத்திருந்தார். கடைசியில் பொறுமை போய், சாவியைக் கொண்டுவந்து திறந்துவிட்டார். சொன்னபடியே நாய் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையிலிருந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் வந்த வழியே போனது. அண்ணி அந்தக் கதையை இன்னும் விடவில்லை. "உங்க மாடி வூட்டம்மாவ மட்டும் இட்டுக்கினு வந்துடாத" என்று எல்லா விசேஷத்துக்கும் முன்பே சொல்லிவிடுகிறாள்.

அன்று மண்டபத்தில் ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் அவரைச் சகித்துக்கொள்வது கடினமாக இருந்தது. நான் இயல்பிலேயே பயந்தவள். மகள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் என் மனம் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டுத் திரும்பும். என்னைப் போன்றவளுக்கு 'ஒண்ணும் ஆவாது' என்ற இரண்டு சொல்தான் மருந்து. அந்த மருந்தை என் வீட்டு மாடியிலிருந்தே ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் படிக்கட்டிலேயே அவரை நிறுத்தி, நீங்கள் வந்ததிலிருந்து எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த துணிக்கூடையைப் படியில் வைத்துவிட்டு யோசித்தார். "பயம் வேற டீச்சர், இது வேற. பயந்தவங்கதான் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கினு இருப்பாங்க" என்றார்.

இரண்டு நாள் நான் மாடிப்படிப் பக்கமே போகவில்லை.

அவருடைய ஊர் கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில். நிலமில்லாத குடும்பம், அப்பா கரும்பு வெட்டப் போனவர். அவரே சொல்லி நான் கேட்டது இவ்வளவுதான். டிப்ளமா முடித்து முதலில் ஆக்ஸிஜன் நிரப்பும் ஆலையில் இருந்ததாகக் கீர்த்தனா சொன்னாள். சிலிண்டர் என்றாலே அவருக்கு ஆள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது, ஒரு குணம், எப்போது கோபம் வரும் என்ற கணக்கு.

கீர்த்தனா மெக்கானிக்கல் முடித்துவிட்டு அந்த ரயில் வேலையில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தது தன் முயற்சியில்தான். பரீட்சை எழுதினாள், கிடைத்தது. மாடியில் இருப்பவர்தான் இழுத்துவிட்டார் என்று நான் நம்பினேன். மேலே போய், பெற்றவள் கேட்கிறேன், என் மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நிம்மதியாக அனுப்புகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை யார்டுக்கு வாருங்கள் என்றார்.

அப்படித்தான் அந்த ரயிலை நான் முதலில் பார்த்தேன். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஓர் அறை. பயணிகள் பகுதிக்கும் அதற்கும் நடுவே கனமான தடுப்பு. உள்ளே இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்த கறுப்பு உருளைகள், ஒவ்வொன்றும் என் உயரத்தைவிட நீளம். கார்பன் இழையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் செய்தவை என்பதால் பக்கத்தில் போனால் நூற்கண்டு மாதிரி வரி தெரிந்தது. இந்தக் காற்றுக்கு எடையே இல்லை, ஆனால் இடத்தை மட்டும் ஏராளமாகக் கேட்கும். அதனால் லாரி டயரில் இருப்பதைப்போல் நாற்பது மடங்கு அழுத்தி அடைக்க வேண்டியிருக்கிறது என்றார். ஒரு ரயிலை நூறு கிலோமீட்டர் ஓட்டப் போதுமான எரிபொருளை ஜனங்களுக்குப் பக்கத்து அறையில் எப்படி வைப்பது என்பதுதான் அவருடைய வேலை முழுவதும்.

ஒவ்வொரு உருளையின் வாயிலும் ஒரு வால்வு. மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும். தீப்பிடித்தால் உருகித் திறந்து, உள்ளே இருப்பதைக் கூரைக் குழாய் வழியாக ஆகாயத்துக்கு அனுப்பிவிடும் ஒரு சின்ன அடைப்பான். கூரையில் காற்றுப் பலகைகள். உட்கூரையில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வலை போட்ட வட்டங்கள் மூன்று.

"இதெல்லாம் மூக்கு" என்றார். "இந்த கேஸுக்கு வாசனையே கெடையாது டீச்சர். பகல்ல எரிஞ்சாக்கூட கண்ணுக்குத் தெரியாது. நம்ம மூக்கு உதவாதுன்னு இதுங்கள வெச்சிருக்கோம்."

மூன்றில் இரண்டு மூக்கு ஒரே நேரத்தில் சொன்னால் உருளைகள் எல்லாம் மூடிக்கொண்டு வண்டி தானே நின்றுவிடும். ஒன்று மட்டும் சொன்னால் நிற்காது. ஒரு மூக்கு தவறாகவும் சொல்லலாம் இல்லையா. அப்போது அவர் இருக்கைக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதற்குப் பிறகு அவர் பாடு.

எல்லாம் கேட்டுவிட்டு, இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது, அப்படியானால் ஒன்றும் ஆகாதுதானே என்று மறுபடி கேட்டேன். விடமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இவ்வளவும் ஆவும்னு நெனச்சி வெச்சதுதான் டீச்சர்" என்றார். யார்டில் இருந்த பையன்கள் அவருக்கு 'ஆனா ஆவன்னா மேடம்' என்று பெயர் வைத்திருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவருக்கும் தெரியும். யாராவது ரகசியமாகச் சொன்னால், "இனாவுக்கு எப்ப வரப்போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்போது அவரை வடக்கே எங்கோ ஒரு மலைப்பாதை ரயிலுக்கு மாற்றிவிட்டார்கள். மாடி காலியாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முந்தின வாரம் பூஜை விஷயமாக ஒரு பெரிய சண்டை. யார்டு மேஸ்திரி முண்டியம்பாக்கத்துக்காரர். ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. பூசணிக்காய் மேல் கற்பூரம் கொளுத்தி, சுற்றிக் காட்டி உடைக்காமல் வண்டி எடுக்கக்கூடாது என்றார். ஹைட்ரஜன் நிரப்பிய வண்டியைச் சுற்றி நெருப்பா என்றார் இவர். வாக்குவாதத்தை யார்டே வேடிக்கை பார்த்தது.

"மேடம், முப்பது வருஷமா பாக்குறேன். கற்பூரம் காட்டாம ஒரு டிராலிகூட இங்க நவுந்ததில்ல."

"காட்டுங்க. அதோ, அந்த வேப்பமரத்தாண்ட நின்னு காட்டுங்க."

"அங்க இருந்தா சாமி எப்படி வண்டிய பாக்கும்?"

"சாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும் மேஸ்திரி. உங்களுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் மேஸ்திரி இறங்கி வந்தார். கடைசியில் இவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். நெருப்பு மட்டும் வேண்டாம். பூ, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார்.

அன்று காலை ஏழு மணிக்கே அவர் ஒரு சின்ன டப்பாவிலிருந்து சோதனை வாயுவைக் காட்டி மூன்று மூக்கையும் சரிபார்த்துவிட்டார். ஒன்பது மணிக்குப் பூஜை. குடும்பத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, டீச்சரம்மா, நீங்கள் வையுங்கள் என்றார். பூஜைக்காக உருளை அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் ஏறினேன். சட்டத்துக்கு ஒரு பொட்டு, கதவுக்கு ஒரு பொட்டு. பிறகு மேலே பார்த்தேன். என் மகளைக் காவல் காக்கப்போவது அந்த மூக்குகள்தானே. காவலுக்குத்தானே முதலில் வைக்க வேண்டும். சட்டத்தின் படிமேல் ஏறி நின்று ஒன்றுக்கு வைத்தேன், கெட்டியாக, அழுத்தி. நடுவில் குங்குமம். இரண்டாவதற்கும் வைத்தேன். மூன்றாவது கடைசி உருளைக்கு நேர் மேலே இருந்தது. குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். எட்டவில்லை. மனசில்லாமல் இறங்கினேன்.

அவர் கிளம்பும் முன் அறையை ஒரு பார்வை பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு பூச்சரத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். உட்கூரையைப் பார்க்கவில்லை. அதைத்தான் ஏழு மணிக்கே பார்த்தாயிற்றே. வண்டியில் போகிறவர்களின் போன்களையெல்லாம் ஒரு மரப்பெட்டியில் வாங்கிவைத்துக்கொண்டார்கள். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பினேன்.

விளக்கு எரிந்ததும் நடந்தது எனக்குக் கீர்த்தனா சொன்னது. அவள் மேடத்துக்கு அடுத்த இருக்கையில் இருந்தாள். கணினித் திரையில் இரண்டு மூக்கு 'ஒன்றுமில்லை' என்றன. ஒன்று மட்டும் 'இருக்கிறது' என்றது. உருளை செய்து கொடுத்த கம்பெனியின் ஆள் ஒருவர் கூட இருந்தார். ரெண்டு பேர் இல்லை என்கிறார்கள், ஒருத்தன் சொல்வதற்காகவா நிறுத்துவது, இன்னும் அரைமணியில் திண்டிவனம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இது எலெக்‌ஷன் இல்ல சார்" என்றார் மேடம். ஓட்டுநருக்கு மைக்கில் சொன்னார்: "நிறுத்துங்க. எல்லாரும் எறங்கணும்."

உருளைகளை மூடும் பொத்தானை அவரே அழுத்தினார். இறங்கியதும் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாக எல்லோரையும் வயலுக்குள் நடக்கவிட்டார். வயலில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அப்போதுதான் காதிலிருந்து பீடியை எடுத்தார். மேடம் ஓடின ஓட்டத்தைக் கீர்த்தனா இதுவரை பார்த்ததில்லையாம். பீடியைப் பிடுங்கவில்லை, தீப்பெட்டியை மட்டும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாராம். "இன்னாம்மா பேஜாரு இது, அவ்ளோ தூரத்துல நிக்குது வண்டி" என்றாராம் பெரியவர்.

திண்டிவனத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. வண்டி பேரணிக்குப் பக்கத்தில் நடுவயலில் நின்றுவிட்டது, கேஸ் என்கிறார்கள் என்று ஸ்டேஷன் ஊழியர் சொன்னது மட்டும்தான். கீர்த்தனாவின் போன் மரப்பெட்டிக்குள் இருந்து அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி எழுந்து நின்று யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். நான் காத்திருக்கவில்லை. பேரணி வரை ஸ்கூட்டி ஓட்டிய பாதை எதுவும் நினைவில்லை. வழியெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே போனது மட்டும் நினைவிருக்கிறது. புகை தெரியக்கூடாது, புகை தெரியக்கூடாது என்று. பிறகுதான் நினைவுக்கு வந்தது, அது எரிந்தால் கண்ணுக்கே தெரியாது என்று அவர் சொன்னது. அதற்கப்புறம் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

வரப்பில் இறங்கி ஓடியபோது, வேலிக்கருவேல நிழலில் பதினாறு பேர் வரிசையாக உட்கார்ந்து பச்சை மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மகள் எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் இருந்த பருப்பை என் வாயில் போட்டாள். மண் ஒட்டியிருந்தது. மென்றேன். அழுதுகொண்டே மென்றேன்.

பதினேழாவது ஆள் வண்டிக்குள் இருந்தார். கூரைப் பலகைகள் வழியாகக் காற்று முழுவதும் மாறட்டும் என்று ஒருமணி நேரம் பொறுத்திருந்துவிட்டு, கையில் பிடிக்கும் மீட்டரோடு தனியாகப் போயிருந்தார். வெளியே வந்து சொன்னார்: கடைசி உருளையின் குழாய் சேரும் இடத்தில் ஒரு இணைப்பு அதிர்வில் தளர்ந்து, கசிந்திருக்கிறது. நிஜமான கசிவு. கம்பெனி ஆள் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டார். திண்டிவனம் வரை போயிருந்தால் அந்த அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று ஓட்டுநர் கேட்டார். கம்பெனி ஆள் கீழே போட்ட மல்லாட்டையைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

இனி ஒரு கேள்விதான் பாக்கி. நல்ல மூக்குகள் இரண்டும் ஏன் சும்மா இருந்தன? மேடம் டார்ச்சோடு மறுபடி ஏறினார். இறங்கும்போது ஆள்காட்டி விரலில் மஞ்சளாக ஏதோ. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார்.

கூரையில் இறங்கிய வெயில் சூட்டில் காய்ந்து, வலைக் கண்களை அடைத்துக்கொண்டு, ஓடு மாதிரி இறுகியிருந்திருக்கிறது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மேஸ்திரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் வைத்தேன் என்று சொன்னேன். குரல் வந்ததா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறையும் சொன்னேன். மூன்றாவதுக்கும் வைத்திருப்பேன், கை எட்டவில்லை என்றேன். கீர்த்தனா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் என்னிடம் ஒண்ணும் ஆவாது, விடுங்கள் என்று சொல்லவில்லை. அப்போதுகூட.

"வெச்சது நீங்க. வெக்கலாம்னு சொன்னது நான்" என்றார். "நெருப்ப மட்டும் யோசிச்சேன் டீச்சர். சந்தனத்த யோசிக்கல."

வண்டிப் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். மேஸ்திரி பக்கத்தில் போய்க் குந்தினார். பெரிய அதிகாரி வரப்போகிறார், சந்தனம் கிந்தனம் என்றெல்லாம் எழுதினால் உங்கள் வேலைதான் போகும் என்று தாழ்ந்த குரலில் எடுத்துச் சொன்னார்.

"மூக்கு ரெண்டு கெட்டுப்போச்சுன்னு ஒரே வரியில எழுதுங்க மேடம். யாருக்குத் தெரியப்போவுது? ஒண்ணும் ஆவாது." சொல்லி முடித்ததும் தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நிறுத்தினார். "ஆனா..." என்றார். தலையைச் சொறிந்தார். "செரி, எழுதுங்க."

அவர் எழுதினார். மூக்கின் மேல் சந்தனம். அனுமதித்தவர் என்று போட்டு, தன் பெயர். என் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. பிறகு கசிந்த உருளை இருந்த வரிசையைத் தனியாகப் பிரித்து மூடினார்கள். மூக்குகளைக் கழற்றிவிட்டு மாற்று மூக்குகளைப் பொருத்தி, சோதனை வாயு காட்டினார்கள். இரண்டு மூக்குக்குக் காட்டியதுமே வண்டி தானாக வால்வுகளை மூடிக்கொண்டது. டக் டக்கென்று அந்தச் சத்தம் வயல்வரை கேட்டது. மல்லாட்டை பிடுங்கிய பெண்களில் ஒருத்தி கை தட்டினாள். எதற்கென்று தெரியாமலே மற்றவர்களும் தட்டினார்கள். கீர்த்தனாவின் முகத்தை அப்போது பார்த்தேன். பள்ளியில் பரிசு வாங்கும்போதுகூட அவள் அப்படி நின்றதில்லை. வேண்டாம் இந்த வேலை, வீட்டுக்கு வா என்று சொல்ல வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு அதிகாரி வந்தார். பேரணி கேட்டில் ஜீப்பை விட்டுவிட்டு, ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் தட்டுத் தடுமாறி நடந்து வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் பதிவேட்டை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். 'அனுமதித்தவர்' என்ற இடத்தில் நிமிர்ந்து மேடத்தை ஒருமுறை பார்த்தார். வண்டியில் ஏறி, அரைமணி நேரம் உள்ளே இருந்தார். இறங்கி வந்து, விளக்கு எரிந்ததிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"நாலு நிமிஷம் சார்" என்றாள் கீர்த்தனா.

கம்பெனி ஆளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. இத்தனை மாத வேலையும் வீணாகிவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "நடுவழியில நின்னுபோன வண்டி சார். இதுல இனிமே எப்படி ஜனங்கள ஏத்துறது?" என்றார்.

அதிகாரி குடையை மடக்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வைத்து எழுத ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். மேடம் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அதன்மேல் பயணிகளை ஏற்றும் அனுமதிக் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அதிகாரி சொன்னார்:

"நிக்கிற வண்டியிலதானேப்பா ஜனங்க ஏற முடியும்."